மூன்றாம் தண்ணீர்

பிப்ரவரி 18, சனி

பிப்ரவரியிலேயே இந்த வெயில். காலை காலேஜ் நீச்சல் குளத்தில் 16 நீளம். பத்தாவதிலேயே மூச்சு முட்டியது. போன வாரம் இப்படி இல்லை. உடம்பு கனம், கண் எரிச்சல். நேற்று கேம்ப் ரோடு கேபிள் குழியில் மதியம் முழுக்க நின்றதன் பலன் என்று வைத்துக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியது: சைக்கிளுக்குப் பின் டயர். நீச்சல் கண்ணாடிக்கு ரப்பர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மீதி ஆட்களிடம் நன்கொடைக் கையெழுத்து (லைன்மேன் தனசேகர் இன்னும் இழுத்தடிக்கிறான்).

சாயங்காலம் ராஜகீழ்பாக்கம் இல்லம். புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொள்ள வெளியூரிலிருந்து வந்து அம்மாக்களோடு தங்கியிருக்கும் பிள்ளைகள், இப்போ ஏழு பேர். மார்ச் 5 ட்ரையத்லானில் நெஞ்சில் கட்டும் எண் துணிகளைப் பிள்ளைகளே வரைந்து கொடுப்பது விங் கமாண்டர் சாரின் யோசனை. ரிட்டயர் ஆனபின் ஊரையே பரேடு எடுக்கிறார். நாங்கள் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடித்தால் வரும் நன்கொடையில் இல்லத்துக்கு ஒரு தனி அறை. ஒரு பிள்ளைக்கு ஜுரம் என்றால் மற்ற ஆறு பேரிடமிருந்து பிரித்து வைக்க இப்போ இடமே இல்லை.

என் எண் 31. வரைந்தது நஸ்ரீன். ஏழு வயசு, ஆம்பூர், எந்நேரமும் தலையில் பச்சைக் குல்லா. 3ஐத் திருப்பிப் போட்டுவிட்டு, "கண்ணாடியில பாத்தா சரியா இருக்கும்" என்றாள். என் மடியில் துணி, துணிமேல் அவள் முழங்கை. ஒன்றரை மணி நேரம்.

"டெலிபோன் மாமா, கழுத்துல என்னது?"

"கொசு கடிச்சது."

"உள்ள தண்ணி இருக்கு." தொட்டுப் பார்த்தாள்.

வந்ததும் படுத்துவிட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. கொசுதான்.

பிப். 19, ஞாயிறு

ஜுரம் 101.4. கொசு இல்லை. வயிற்றில் நாலு. முதுகில் ஒன்பது, அக்கா எண்ணியது.

அக்கா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நேரே போய்ப் பின்வீட்டு மரத்தில் வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகிவிட்டாள். எல்லாம் பத்து நிமிஷத்தில். "முத்துப் போட்டிருக்கா. வாயத் தொறந்து வியாதி கியாதின்னு சொல்லிடாத."

நாற்பத்து மூணு வயசில் அம்மை. அக்காவுக்கு ஒன்றாம் கிளாஸிலேயே வந்து போய்விட்டதாம். எனக்குத்தான் எல்லாம் லேட்.

ரிட்டயர்டு டீச்சர் என்பதால் அக்கா விதிகளை எண் போட்டுத்தான் சொல்வாள்:
1. வீட்டில் தாளிக்கக் கூடாது.
2. சவரம், சீப்பு, சோப்பு கிடையாது.
3. வந்தவர்கள் "போய்ட்டு வரேன்" சொல்லக் கூடாது. பேசாமல் போக வேண்டும்.
4. மூணு தண்ணி தலைக்கு ஊற்றும்வரை குளியல் இல்லை, வாசல் தாண்டல் இல்லை.
5. அம்மா வந்திருக்கிறாள் என்று வெளியே யாருக்கும் தானாகச் சொல்லக் கூடாது. வேப்பிலையைப் பார்த்து அவர்களாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராஜகீழ்பாக்கத்திலிருந்து எங்கள் வாசல் வேப்பிலை தெரியாது.

இல்லத்துக்குப் போன் செய்ய வேண்டும். நாளைக்கு.

பிப். 20, திங்கள்

102. மோர், இளநீர், கேழ்வரகுக் கூழ். உப்புச் சப்பில்லை என்பது வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். இல்லை.

லீவு லெட்டர் வாங்க தனசேகர் வந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றான். "உள்ள வரல சார், தப்பா நெனச்சுக்காத. வூட்டுல கைக்கொயந்த கீது." அக்கா லெட்டரை ஜன்னல் வழியாக நீட்டினாள். 'காய்ச்சல்' என்று மட்டும்தான் எழுதச் சொன்னாள். எழுதினேன்.

தனசேகருக்கு அவன் குழந்தையைப் பற்றி உடனே தோன்றியிருக்கிறது. கேட்டில் கையே வைக்கவில்லை.

அக்கா தூங்கும்போது போன் செய்யலாம். அக்கா பகலில் தூங்குவதில்லை.

பிப். 21, செவ்வாய்

எழுத முடியவில்லை. கண் இமையில் ஒன்று. தொண்டையில்.

பிப். 22, புதன்

கொஞ்சம் தேவலை. அக்கா நாலு மணிக்கு ஏரிக்கரைப் பக்கம் இளநீர் வாங்கப் போனாள்.

எழுந்து ஹாலுக்குப் போனேன். இல்லத்து நம்பரைப் போட்டேன். ரெண்டாவது மணியிலேயே எடுத்தார் ஸ்டெல்லா மேடம், இல்லத்துப் பொறுப்பாளர். "ஹலோ. சொல்லுங்க." பின்னால் பிள்ளைகள் சத்தம், யாரோ தட்டைத் தட்டுகிறார்கள். "ஹலோ?"

வைத்துவிட்டேன்.

ஏன் என்று எழுதப் பார்க்கிறேன். என்ன கேட்பார் என்று தெரியும். சனிக்கிழமை வரும்போதே உடம்பு சரியில்லையா சார் என்று கேட்பார். அதற்குப் பதில் தயாராக இல்லை. ஜுரம் விட்டதும் தெளிவாகப் பேசலாம்.

அக்கா வந்து, போன் பக்கம் ஏன் படுக்கை வேப்பிலை உதிர்ந்திருக்கிறது என்று கேட்டாள். தண்ணீர் குடிக்க எழுந்தேன் என்றேன். பானை இருப்பது அடுக்களையில்.

பிப். 23, வியாழன்

ஜுரம் இல்லை. பழையவை காய ஆரம்பித்துவிட்டன. போன் செய்யவில்லை. காரணம் ஒன்றும் இல்லை.

பிப். 24, வெள்ளி

செய்தேன். காலை 9.10. அக்கா முன்னாலேயே. அவள் கையால் வேண்டாம் வேண்டாம் என்றாள்.

"அம்மையா?" ஸ்டெல்லா மேடம் குரல் இறங்கிவிட்டது. "எப்போ தெரிஞ்சது சார்?"

"ஞாயித்துக்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி சார்."

அக்காவுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"இந்தப் பசங்களுக்கு அது சாதாரண வியாதி இல்ல சார். உடம்புல எதுக்கிற சக்தியே கிடையாது. நுரையீரல்ல இறங்கிடும். அதுக்குன்னு ஒரு ஊசி இருக்கு, பக்கத்துல இருந்த நாலு நாளைக்குள்ள போடணும். சனிக்கிழமை சாயங்காலம் வந்தீங்க. புதன் சாயங்காலம் வரைக்கும் டைம் இருந்துது."

புதன் சாயங்காலம்.

"புதன்கிழமை ஒரு கால் வந்து கட்டாச்சு," என்றார் தனக்குத்தானே சொல்வதுபோல. "ராங் நம்பர்னு நெனச்சேன்." அது நான்தான் என்று சொல்லவில்லை. "யார் யார் உங்க பக்கத்துல உக்காந்தாங்க?"

நஸ்ரீன் என்றேன். மற்றவர்கள் எதிர்ப் பாயில், ஜன்னல் ஓரம்.

வேலை பார்ப்பது டெலிபோனில். ஊருக்கெல்லாம் லைன் இழுத்துக் கொடுத்து இருபத்தொரு வருஷம்.

பிப். 25, சனி

ஸ்டெல்லா மேடம் கூப்பிட்டார். டாக்டர் சொன்னது: தொற்றினால் பத்து நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் தெரியும். மார்ச் 11 வரை. பிள்ளைகளுக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், உறுதி சொல்ல முடியாது. நஸ்ரீனின் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டாயிற்று.

அவள் அம்மா ஃபாத்திமாவுக்கும் அம்மை வந்ததில்லையாம். ஆறு மாசக் கர்ப்பம் வேறு. அப்பா ரியாத்தில். "அவங்க வேற மாடியில தனியா படுக்கிறாங்க. பொண்ணு நடுராத்திரி அழுதா நான்தான் போறேன்."

இனி தினமும் காலை ஆறு மணிக்கு டார்ச் வைத்து ஏழு பேர் உடம்பையும் பார்ப்பாராம். ஏழு மணிக்கு நான் போன் செய்து கேட்கலாமா என்றேன். செய்யுங்க என்றார்.

அக்கா கூழில் வெங்காயம் போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சுவரில் பல்லி. அதையே ரொம்ப நேரம்.

பிப். 28, செவ்வாய்

முதல் தண்ணி. அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு காலையிலிருந்து வெயிலில் வைத்து, பதினோரு மணிக்கு அக்கா ஊற்றினாள். பத்து நாள் அழுக்கு. பொருக்குகள் தண்ணீரோடு போயின. சுகமாக இருந்தது. சுகமாக இருந்தது என்று எழுதவே கூசுகிறது.

போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஸ்டெல்லா மேடத்திடம் சொன்னேன்.

"உங்க எக்ஸ்சேஞ்ச்ல எல்லாரும் நீங்க முடிச்சாத்தான் தருவோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

"ஓடுங்க சார். முடியலன்னா நடங்க. எனக்கு அந்த ரூம் வேணும்."

கோபம் இல்லை அந்தக் குரலில். இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 1, புதன்

காலை 7, இல்லத்துக்குப் போன்: "இல்ல சார்."

டாக்டர். எல்லாம் காய்ந்துவிட்டது, யாருக்கும் ஒட்டாது என்று சான்று எழுதித் தந்தார். எதற்கு என்று கேட்டார். ட்ரையத்லான் என்றேன். நாடியைப் பிடித்துப் பார்த்தார். "உங்களுக்கு யாராச்சும் பந்தயம் கட்டியிருக்காங்களா?" ஒரு மாசம் மாடிப்படிகூட மெதுவாக ஏறச் சொன்னார். சரி என்றேன். சான்றை மட்டும் மடித்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 2, வியாழன்

7: "இல்ல சார்."

தெருக்கோடி வரை நடந்து பார்க்க நினைத்தேன். அக்கா வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறாள். நேற்று டாக்டரிடம் போனதற்கே ஒரு நாள் பேசவில்லை. கொல்லையில் எட்டு போட்டு நடந்தேன். இருபது நிமிஷம். கால் நடுக்கம்.

மார்ச் 3, வெள்ளி

7: "இல்ல சார்." இன்று வைப்பதற்கு முன்னால், "நஸ்ரீன் நீங்க எங்கன்னு கேட்டா. உடம்பு சரியில்லன்னு சொன்னேன்."

ரெண்டாம் தண்ணி.

தனசேகர் பின் டயர் மாற்றிக்கொண்டு வந்தான். கேட்டுக்குள் வந்தான் இந்த முறை. "இன்னா சார், மூஞ்சி முழுக்கப் புள்ளி வச்ச கோலமாட்டம் கீது. இத்தோட நீ நீஞ்சப் போறியா? பேஜார் பண்ணாத சார், படு." நன்கொடைக் கையெழுத்தும் போட்டுவிட்டான். ஞாயிறு அவனும் சைக்கிளில் கூட வருகிறானாம், "வுயுந்தா தூக்க ஆளு வோணாமா?"

மார்ச் 4, சனி

7: "இல்ல சார்."

பதினான்கு நாள் ஆயிற்று. இன்னும் ஏழு. எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

அக்காவோடு சண்டை. மூணாம் தண்ணி ஞாயிறு. போட்டியும் ஞாயிறு, காலை ஏழரைக்கு. தண்ணி வெயிலில் வைத்து பதினோரு மணிக்குத்தான் ஊற்றணும், அதற்குமுன் வாசல் தாண்டினால் அம்மா திரும்பி வருவாள் என்கிறாள். திரும்பி வராது, ஒரு தடவை வந்தால் அவ்வளவுதான் என்றேன். "நீ அந்தப் புள்ளைங்களுக்கு என்ன பண்ணி வச்சிருக்கேன்னு தெரியும்ல? அதுக்கப்புறமும் அவகிட்ட முறை தப்புவியா?"

இதுவரை அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெளியே சொல்லாதே என்றவளும் அவள்தான். அதை எடுத்துச் சொல்லப் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவளும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அப்புறம் அவளே: "இன்னிக்கு வெயில்ல வச்சு எடுத்துக்கறேன். அங்க வந்து ஊத்தறேன்."

அவளைத் திட்டி எழுத உட்கார்ந்தேன். புதன்கிழமை அக்கா வீட்டிலேயே இல்லை. போனை வைத்தது என் கை.

மார்ச் 5, ஞாயிறு

அக்கா மடியில் குடம், குடத்து வாயில் வேப்பங்கொத்து. ஆட்டோ இறங்கிய ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் "மெதுவா" என்றாள். டிரைவர் அம்மன் கோயிலா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

காலேஜ் வாசல் ஒரு ரூபாய் போன். 7 மணி. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் எடுத்தார்.

"ஸ்டெல்லா மேடம், நான்தான்."

"ம்."

"இன்னிக்கு..."

"இல்ல சார். ஓடுங்க." வைத்துவிட்டார்.

நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஏர்போர்ஸ் பையன்கள், காலேஜ் பெண்கள், ஒரு பல் டாக்டர். பிள்ளைகள் யாரையும் கூட்டத்துக்கு அழைத்து வரவில்லை, அது முன்பே முடிவு. குளத்தங்கரையில் அக்கா என்னை உட்காரச் சொன்னாள். வாட்ச்மேன் ஓடி வந்தார். "இன்னாமா இது, கொளத்தாண்ட மஞ்சத் தண்ணி ஊத்திகினு! கிளீன் பண்றது யாரு?"

"மூணாந் தண்ணிப்பா. ரெண்டு நிமிஷம்."

அவர் வாயை மூடிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். விங் கமாண்டர் சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஊத்தட்டும். குளத்துல இறங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஷவர் எடுக்கணும்னுதானே ரூல்?" என்றார். அக்கா ஊற்றினாள். ஏர்போர்ஸ் பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். அதுகூட இல்லை. அக்கா உதடு மட்டும் அசைந்தது. எனக்காக இல்லை என்று தெரிந்தது. ஏழு பேருக்கு.

நீச்சல் 16 நீளம். வழக்கமாகப் பதினோரு நிமிஷம், இன்று பதினெட்டு. ஆறாவதில் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். குளத்தில் நான் மட்டும் மிச்சம்.

சைக்கிள். கேம்ப் ரோடு, செம்பாக்கம், மேடவாக்கம், திரும்பி. ராஜகீழ்பாக்கம் தாண்டும்போது இல்லத்துத் தெருவைப் பார்க்கவில்லை, தார் ரோட்டைப் பார்த்தேன். வெயில் ஏறியதும் தழும்பெல்லாம் அரிப்பு. தனசேகர் பக்கத்திலேயே. "சார், அந்த மாமி ஸ்கூட்டர்ல போறாங்க பாரு, அவங்களக்கூட ஓவர்டேக் பண்ண மாட்டியா?" குனிந்து மிதித்தேன்.

ஓட்டம் அகரம்தென் ரோடு. ஓட்டம் இல்லை, நடை. பாதியில் வாந்தி. ஒரு வீட்டு அம்மா பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் தந்து, எதுக்குப்பா இந்த வேகாத வெயிலில் என்று கேட்டார். பிள்ளைகளுக்கு ஒரு அறை கட்ட என்றேன். "நல்லா இருப்பே" என்றார். அதைக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் தாங்கவில்லை. பிறகு சரியாகிவிட்டது.

முடித்தேன். கடைசி. எல்லோரும் கை தட்டினார்கள். விங் கமாண்டர் சார் மைக்கில், அறைக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது என்று அறிவித்தார். மறுபடி கைத்தட்டல். இலையில் இட்லி கொடுத்தார்கள்.

ஸ்டெல்லா மேடம் ஆலமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் தெரியாது. கையில் ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் பை.

"காலைல ஆறு மணிக்கே பாத்துட்டேன் சார். காதுக்குப் பின்னாடி ரெண்டு. நஸ்ரீனுக்கு. நீங்க போன் பண்றப்ப ஆட்டோ வாசல்ல நிக்குது. சொல்லியிருந்தா நீங்க ஓடியிருக்க மாட்டீங்க."

தலையாட்டினேன்.

"இப்ப உங்களுக்கும் எனக்கும் சரியாப் போச்சுன்னு நெனச்சுக்காதீங்க," என்றார். "நான் மறைச்சது மூணு மணி நேரம்."

அவர் போனபின் கையில் இலை இருந்தது. சாப்பிட்டேன். மூணு இட்லி. நல்ல பசி. பிள்ளைக்கு அப்படி, எனக்குப் பசி. நஸ்ரீனைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 6, திங்கள்

தொடை ரெண்டும் கல். படியிறங்க முடியவில்லை.

7 மணிக்குப் பழக்கத்தில் போன் செய்துவிட்டேன். நல்லவேளை எடுத்தார். நஸ்ரீனுக்குக் கொப்புளம் நாற்பதுக்கு மேல். ஜுரம் 103. பல்லாவரம் பக்கத்து ஆஸ்பத்திரி, தனி ரூம், ட்ரிப்பில் மருந்து. முதல் கொப்புளத்திலேயே கொண்டுவந்தது நல்லது என்றாராம் டாக்டர். நெஞ்சில் இறங்காமல் இருக்கிறதா என்று தினமும் படம் எடுப்பார்கள்.

பிரச்சினை வேறு. ஃபாத்திமாவை உள்ளே விடவில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். ஸ்டெல்லா மேடம் அந்த ரூமுக்குள் போய்விட்டு மற்ற ஆறு பிள்ளைகளிடம் திரும்பி வர முடியாது. நர்ஸ் எப்போதாவது வருகிறார். "கூட இருக்க ஒரு ஆள் வேணும் சார். ஏற்கனவே அம்மை வந்து போன ஆள்."

அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போறேன் என்றாள். இல்லை என்றேன். நான் போகிறேன்.

21 ஜி பஸ், பல்லாவரத்தில் இறங்கி நடை. ஃபாத்திமா பெஞ்சில், முக்காட்டை இழுத்துக் கடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்கண்ணா. உங்களுக்கு இனிமே ஒண்ணும் ஆவாதாமே. அல்லா உங்களை அனுப்பினான்."

உள்ளே போயிருக்கலாம். போயிருந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது.

சொன்னேன். சனிக்கிழமை வரும்போதே உடம்பு சரியில்லை. கழுத்தில் கொப்புளம் இருந்தது, உங்கள் பெண் காட்டினாள், கொசு என்றேன். கொசு இல்லையோ என்று அப்போதே மனதுக்குள் பட்டது, ஆனாலும் எழுந்து போகவில்லை. புதன்கிழமை போன் பண்ணி வைத்ததும் நான்தான். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஊசி போட்டிருப்பார்கள்.

வராண்டாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஃபாத்திமா கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"இத எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்றீங்க? நான் பரவால்லன்னு சொன்னாத்தான் உள்ள போவீங்களா? ஒரு மணி நேரமா அம்மா அம்மான்னு கூப்புட்டுகிட்டு இருக்கா. என்னை விட மாட்டேன்றாங்க. போங்க."

போனேன்.

மார்ச் 7, செவ்வாய்

காலை 6.20. ஆஸ்பத்திரி. பகலெல்லாம் இரைச்சல், இப்போதுதான் கொஞ்சம் அமைதி. ரோட்டில் முதல் பஸ்கள்.

ஜுரம் 102. புதிதாக ஆறு, நேற்று சாயங்காலத்திலிருந்து. நெஞ்சு சுத்தம் என்றது நேற்றைய படம். இன்றைய படம் பத்து மணிக்கு.

வாய்க்குள்ளும் இருக்கிறது. கஞ்சி ஸ்பூனால். நாலு ஸ்பூனுக்கு ஒரு தடவை அழுகை. என்னைப் பார்த்து ஒருமுறை, "நீங்க வேணாம், அம்மா" என்றாள். சரி என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபாத்திமா விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். பெண்ணை மட்டும் பார்க்கிறார்.

செய்ய வேண்டியது: லீவு நீட்டிக்க. அக்காவிடம் மாற்று வேட்டி. நர்ஸிடம் நகவெட்டி.

சொறிந்தால் சீழ் பிடிக்கும், ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டே இருங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி முழுக்கப் பிடித்திருந்தேன். இதை எழுதக் கையை விட்ட நேரத்தில் மோவாயில் ஒன்றைக் கிள்ளிவிட்டாள். நோட்டை மூடுகிறேன்.